புதுக் கணினிக்கு மாறியபோது: ஒரு மொழிபெயர்ப்பாளர் வீட்டு அனுபவம்

விண்டோஸ் 10-க்குக் கிடைத்துவந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோயின. எங்கள் வீட்டு மேசைக் கணினியில் இருந்தது இன்டெலின் ஏழாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிதான், ஆனாலும் ஓய்வு கொடுத்தே ஆகவேண்டிய நிலை. வீட்டுப் பயனீட்டாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு இருக்கிறது. முதல் வேலையாக அதில் பதிந்துகொண்டோம். நீங்களும் இதே நிலையில் இருந்தால் அதைச் செய்துவிட்டுக் கடைப்பக்கம் போங்கள். "நாளைக்கே வேணும்" என்று போய் நிற்பவரிடம் எதையும் விற்றுவிடலாம் என்பது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் சிங்கப்பூரில் வீட்டிலிருந்தபடி ஆங்கிலம், தமிழ் மொழிபெயர்ப்பு செய்பவள். கணவர் குடும்பப் படங்களையும் கணக்குவழக்குகளையும் பார்த்துக்கொள்வார். மாமனார் ஓய்வுபெற்றவர். சங்கக் கூட்டக் குறிப்பு, விழா மலர்க் கட்டுரை, நண்பர்களுக்கு வாழ்த்துக் கவிதை என்று எங்கள் மூவரில் அதிகம் தட்டச்சு செய்பவர் அவர்தான். மகன் உயர்நிலைப்பள்ளியில் படிக்கிறான். பள்ளி வழியாக வாங்கிய சொந்தக் கருவி அவனுக்கு இருப்பதால் வீட்டுக் கணினியை அவன் அண்டுவதில்லை.

எந்தக் கணினி என்று பேச்செடுக்கும் முன், பழையதன் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவைத்தோம். யார் உட்கார்ந்தாலும், என்ன வேலைக்காகத் திறந்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். சில நாள் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உலாவியிலேயே முடிகிற வேலை: சிங்பாஸ் வழியே நுழையும் அரசாங்கச் சேவைகள், வருமான வரி, வங்கி, மருந்தக முன்பதிவு, வீட்டுக்குச் சாமான். இவற்றுக்கு எந்தக் கணினியாக இருந்தாலும் ஒன்றுதான். உலாவிக்கு வெளியே நின்றவை சில மட்டுமே: வேர்டு, என் மொழிபெயர்ப்பு மென்பொருள், தமிழ்த் தட்டச்சு, மாமாவின் பழைய கோப்புகள், படங்கள், அச்சுப்பொறி. பணமும் கவனமும் இந்தச் சிலவற்றுக்குப் போனால் போதும் என்று அந்தத் தாள் சொல்லிவிட்டது.

கடைசியில் வாங்கியது, 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் எம்4 மேக் மினி என்ற சிறிய மேசைக் கணினி. விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறியதற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. சத்தமில்லை, மேசையில் இடம் அடைக்காது, அடிப்படை வகையிலேயே 16 ஜிபி நினைவகம் (ரேம்). நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது என்பதால் அந்த ஒன்றை மட்டும் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். சேமிப்பகம் 256 ஜிபிதான். அதை வெளியே ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வட்டு) மாட்டிச் சமாளிக்கலாம். கணினிக்குள் கூடுதல் சேமிப்புக்கு நிறுவனம் கேட்கும் விலை எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆன் செய்யும் பொத்தானை மட்டும் ஏன் அடிப்பக்கத்தில் வைத்தார்கள் என்று மாமா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெட்டியின் மூலையைச் சற்றுத் தூக்கித்தான் அழுத்த வேண்டும்.

இனி தமிழ். கடைகளில் "கேம் விளையாடுவீங்களா, வீடியோ எடிட் பண்ணுவீங்களா?" என்று கேட்கிறார்களே தவிர, "தமிழில் எழுதுவீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. விடை இப்போது சுலபமாகிவிட்டது. மேக்கில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகை முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் உள்ளீட்டு மூலமாகத் தமிழைச் சேர்த்தால் முடிந்தது. விண்டோஸ் 11-லும் இவை உண்டு. அதனால் தமிழுக்காக இதைத்தான் வாங்க வேண்டும், அதைத்தான் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதற்கென்று தனி மென்பொருள் நிறுவத் தேவையும் இல்லை. மேக்கின் எழுத்துருப் பட்டியலில் 'தமிழ் சங்கம் எம்என்' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். அந்த 'எம்என்' மலேசியாவின் முத்து நெடுமாறனைக் குறிக்கிறது. பக்கத்து நாட்டுக்காரர் வடித்த எழுத்து உலகம் முழுவதும் இருக்கும் மேக்குகளில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

நான் தமிழ்99 ஆள். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' தானாகப் புள்ளியோடு வந்து நிற்கும். மாமா ஆங்கில ஒலிப்பை வைத்துத் தட்டும் அஞ்சல் ஆள். ஒரே கணினியில் இருவருக்கும் ஒத்துவராது என்பதால் ஆளுக்கொரு பயனர் கணக்கு திறந்துவிட்டோம். என் கணக்கில் தமிழ்99 மட்டும், அவர் கணக்கில் அஞ்சல் மட்டும். இதைச் செய்யாத வீடுகளில் "யாரு இத மாத்திவச்சது?" என்ற சண்டை தினமும் நடக்கும். இன்னொன்று, மேக்கில் கேப்ஸ் லாக் விசையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தாவும் விசையாக வைத்துக்கொள்ளலாம். இடது சுண்டுவிரல் ஒரு தட்டு, மொழி மாறிவிடும். இரு மொழிகளுக்கும் நடுவே நாள் முழுக்கப் போய்வருகிற எனக்கு இந்த ஒரு வசதி வேறு எந்தத் துணைக்கருவியையும்விடப் பெரிது.

விசைப்பலகையைப் பொறுத்தவரை பழைய விண்டோஸ் விசைப்பலகையையே வைத்துக்கொண்டேன். கன்ட்ரோல் விசை செய்த வேலையை மேக்கில் கமாண்ட் செய்கிறது, அது இருக்குமிடமும் வேறு. அமைப்புகளுக்குள் போய் இரண்டையும் இடம்மாற்றிவிட்டால் நகலெடுப்பதும் ஒட்டுவதும் பழைய விரலுக்கே வந்துவிடும். தமிழ் எழுத்து ஒட்டிய விசைப்பலகை தேடி அலைய வேண்டாம். பழகாதவர்கள் தமிழ்99 அமைப்பை ஒரு தாளில் அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய் என்று பிடிபட்டுவிட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

பெரிய வேலை வைத்தது மாமாவின் கோப்புகள். தமிழ்க் கணிமைக்குச் சிங்கப்பூர் சும்மா வேடிக்கை பார்த்த ஊர் அல்ல. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் கணியன் என்ற தமிழ் மென்பொருளைக் கொடுத்தார். 1997-இல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இங்கேதான். அந்தக் காலத்திலேயே கணினியில் எழுதத் தொடங்கியவர்களில் மாமாவும் ஒருவர். அதனால் அவரிடம் இருப்பவை, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய பல எழுத்துருக்களில் எழுதப்பட்டவை. பழைய கணினியில் அந்த எழுத்துருக்கள் நிறுவப்பட்டிருந்ததால் எல்லாம் தமிழாகத் தெரிந்தன. புதியதில் ஒரு கோப்பைத் திறந்ததும் திரை நிறைய ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்தான்.

"என்னம்மா இது, என் தலைவர் உரைய கோழி கிண்டி வச்சிருக்கு?" என்றார்.

"உரை பத்திரமாத்தான் இருக்கு மாமா. முகமூடி மட்டும்தான் கழண்டிருக்கு," என்றேன்.

நடப்பது இதுதான். கணினிக்குள் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகத்தான் இருக்கும். அந்தக் காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் தமிழுக்கென்று தனி எண் கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லையென்றால் அடியில் இருப்பது வெளியே தெரியும். பாமினி இந்த வகை. டிஸ்கி போன்ற குறியீடுகளில் ஆங்கிலத்தின் இடத்தைத் தொடாமல் மேல்வரிசை எண்களில் தமிழை வைத்தார்கள். 1999-இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்த இரண்டு குறியீடுகளில் 'டாப்' இருமொழிக்கானது, 'டாம்' தமிழுக்கு மட்டுமானது. இதெல்லாம் பழைய கதைதானே என்று தோன்றலாம். ஆனால் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது இந்த வேறுபாடு நேராகக் கழுத்தைப் பிடிக்கும். இருமொழிக் குறியீட்டில் எழுதிய கட்டுரையின் நடுவே வரும் ஆங்கிலப் பெயர் மாற்றியபின்னும் அப்படியே இருக்கும். பாமினி போன்றவற்றில், எழுத்துரு விவரம் இல்லாத வெறும் உரையாக எடுத்து மாற்றினால், ஆங்கிலப் பெயரையும் தமிழ் என்றே எண்ணி மாற்றி வாயில் நுழையாத எதையோ தரும்.

நாங்கள் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். பழைய கணினியை உடனே கழித்துவிடாமல், இணையத் தொடர்பை மட்டும் துண்டித்து ஓரமாக வைத்தோம். முதலில் எல்லாக் கோப்புகளையும் அதிலேயே திறந்து பிடிஎஃப் ஆக்கினோம். பிடிஎஃப் எழுத்துருவின் உருவத்தைத் தன்னோடு எடுத்துக்கொள்வதால், மாற்றும்போது என்ன கோளாறு வந்தாலும் மூலம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இருக்கும். அதன் பிறகே குறியீட்டு மாற்றம். இதற்கான என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும். பழைய பெட்டியை வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். மாற்றியபின் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் தேடிப் பார்த்துச் சோதியுங்கள். 'பௌர்ணமி' என்று தேடினால் அகப்படாது. உள்ளே போய்ப் பார்த்தால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். கொம்பு, கால் வரும் எழுத்துகளிலும் இப்படி ஆகலாம். பழைய முறையில் கொம்பை முதலில் தட்டுவோம், ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். தேடி, மொத்தமாக மாற்றும் வசதியால் இவற்றை ஒரு மூச்சில் திருத்திவிடலாம், என்ன தேடுவது என்று தெரிந்திருந்தால்.

என் வேலைக்கான மென்பொருளிலும் இதே போன்ற ஒரு கட்டம் வந்தது. டிராடோஸ் ஸ்டுடியோ விண்டோஸில் மட்டும் ஓடுவது. மேக்கில் வேண்டுமென்றால் அதற்குள் இன்னொரு விண்டோஸை ஓட்ட வேண்டும், அதற்குத் தனிச் செலவு. என்னிடம் வேலை கொடுப்பவர்களில் பலர் உலாவியில் இயங்கும் தளங்களுக்குப் போய்விட்டார்கள். மீதி வேலைக்கு ஒமேகா-டி போதுமாக இருக்கிறது. அது இலவசம், மேக்கிலும் ஓடும். முக்கியமானது மென்பொருள் அல்ல, அதற்குள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பு நினைவகம், அதாவது மூல வாக்கியமும் நான் செய்த மொழிபெயர்ப்பும் சோடியாக இருக்கும் சேமிப்பு. அதை டிஎம்எக்ஸ் என்ற பொது வடிவில் வெளியே எடுத்து வைத்துக்கொண்டால் எந்தக் கருவிக்கும் கொண்டுபோகலாம். உங்கள் தொழில் வேறாக இருக்கலாம், கணக்குப் புத்தகமோ வரைபடமோ. பழைய மென்பொருளிலிருந்து பொது வடிவில் எடுக்கும் வழி இருக்கிறதா என்பதைப் புதிய கணினிக்குக் காசு கட்டும் முன் பாருங்கள்.

வேர்டை விடவில்லை. லிப்ரே ஆபீஸ் மாமாவின் தேவைக்குத் தாராளம், அவர் கணக்கில் அதுதான் இருக்கிறது. எனக்கு வரும் கோப்புகளிலோ திருத்தக் குறிகளும் கருத்துகளும் மூன்று நான்கு கைகள் மாறி வரும். அவற்றில் ஒன்று காணாமல் போனாலும் என் பெயர் கெடும். சந்தா கட்டுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை, ஆனால் தொழிலுக்கு வேண்டியதில் சிக்கனம் பார்ப்பதில்லை. விண்டோஸில் இருக்கும் லதா, நிர்மலா எழுத்துருக்கள் எல்லாக் கணினியிலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எழுத்துரு மாறினால் வரி உடையும், பக்கம் தள்ளும். நான் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்துகிறேன், அனுப்பும்போது ஒரு பிடிஎஃப் படியும் சேர்த்துவிடுகிறேன். வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குத் தனியாகக் காசு கொடுக்கவில்லை. விண்டோஸிலும் மேக்கிலும் கூடவே வருவது வீட்டுக்குப் போதும்.

பணம் தாராளமாகப் போக வேண்டிய இடம் திரை. பழைய 24 அங்குல முழு எச்டி திரையை மேக்கில் இணைத்ததும் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. திரையில் பழுதில்லை. 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து, குறைந்த அடர்த்தித் திரைகளில் எழுத்தின் ஓரத்தைக் கூர்மையாகக் காட்டும் பழைய உத்தியை மேக் கைவிட்டுவிட்டது. ஆங்கிலத்துக்கு அது அவ்வளவு தெரியாது. தமிழில் சுழியும் புள்ளியும்தான் எல்லாமே. மெய்ப்புப் பார்ப்பவருக்குப் புள்ளி தெரியவில்லையென்றால் கல்வி கலவியாகிப் போய் அச்சேறும், பிறகு தலை காட்ட முடியாது. 27 அங்குல 4கே திரை ஒன்றை வாங்கினோம். கணினியை ஒரு படி மேலே எடுப்பதற்கு ஆகியிருக்கும் செலவு இதற்குப் போயிற்று, நாள் முழுக்கப் பார்ப்பது இதைத்தானே. பழைய திரை மகனின் அறைக்குப் போய்விட்டது.

மெய்ப்புக்கு இன்னொரு துணை இலவசமாகவே உள்ளே இருக்கிறது. மேக்கின் அணுகல்வசதிப் பகுதியில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்தால், எழுதியதை வாசித்துக் காட்டும். உச்சரிப்பு வானொலி தரத்தில் இருக்காது. ஆனால் கண் தாண்டிப் போன விடுபட்ட சொல்லைக் காது பிடித்துவிடும்.

துணைக்கருவிகளில்தான் கடைகளின் லாபம் இருக்கிறது, கண்காட்சிகளில் இன்னும் அதிகம். சன்டெக்கிலும் எக்ஸ்போவிலும் நடக்கும் விற்பனையில் 'பண்டல்' என்று பை, மௌஸ், பல துளைகள் கொண்ட ஹப், வைரஸ் தடுப்பு மென்பொருள் எல்லாவற்றையும் கட்டித் தருவார்கள். கணினியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, பழகி, இடிக்கிற இடத்துக்கு மட்டும் பிறகு வாங்குங்கள். எங்களுக்கு உடனே இடித்தது ஒன்றுதான். இந்த மேக் மினியில் பழைய அகல யூஎஸ்பி துளை ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் யூஎஸ்பி-சி. விசைப்பலகைக்கும் மௌஸுக்கும் விரல்நுனி அளவு மாற்றிகள் போதும். வெளிவட்டுகளுக்கு மட்டும் மின்சாரம் தனியாகக் கிடைக்கும் ஒரு ஹப். நூற்றுக்கணக்கான வெள்ளி விலையுள்ள தண்டர்போல்ட் டாக் என்ற பெரிய இணைப்புப் பெட்டியை வாங்கச் சொல்லிச் சிம் லிம் சதுக்கக் கணினிக் கடையில் ஒருவர் வற்புறுத்தினார். அதில் எங்களுக்கு வேலையே இல்லை.

யூஎஸ்பி-சி கம்பிகளில் கவனம் வேண்டும். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தொலைபேசியோடு வரும் கம்பி பெரும்பாலும் மின்னேற்றத்துக்கானது, தரவை விநாடிக்கு 480 மெகாபிட் வேகத்தில்தான் கடத்தும். அதைக் கொண்டு வேகமான எஸ்எஸ்டியை இணைத்தால் எஸ்எஸ்டியைத்தான் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வட்டோடு வந்த கம்பிக்கு ஒரு வண்ண நாடா சுற்றிவையுங்கள்.

படங்கள் இருந்த பழைய வெளிவட்டு என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வடிவில் இருந்தது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. படங்களைப் புதிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிட்டு, பழைய வட்டை அப்படியே என் அம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். தினசரிக் காப்புப் பிரதிக்கு மேக்கோடு வரும் டைம் மெஷின். அதற்கென்று தனி வட்டு வேண்டும், சேமிப்பகத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு இருக்கட்டும். வெளியே மாட்டிய எஸ்எஸ்டியை டைம் மெஷின் தானாகக் காப்பெடுக்காது, விலக்குப் பட்டியலில் வைத்திருக்கும். அதிலிருந்து நீங்கள்தான் நீக்க வேண்டும். படங்களை வெளிவட்டில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இதைப் பார்த்துவிடுங்கள். மேகச் சேமிப்பு இருக்கிறதே என்று சொல்வோருக்கு: ஒரு கருவியில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும் ஏற்பாட்டை நான் காப்பு என்று சொல்லமாட்டேன்.

அச்சுப்பொறியை மாற்ற நேர்ந்தது, பழையதற்குப் புதிய மேக்குக்கான இயக்கி மென்பொருள் இல்லை. தனி இயக்கி இல்லாமலே மேக்கிலிருந்து அச்சிடவிடும் 'ஏர்பிரின்ட்' என்று எழுதியிருக்கும் கறுப்பு வெள்ளை லேசர் வாங்கினோம். எப்போதாவது அச்சிடும் வீட்டில் மை காய்ந்துபோகும், டோனர் காயாது. இங்குள்ள ஈரப்பதத்துக்குத் தாள் கட்டைப் பிரித்து அப்படியே விடக்கூடாது, நமத்துப்போய்ச் சிக்கும்.

கம்பியில்லா இணையம் மெதுவாக இருந்தால் கணினியைக் குறை சொல்லுமுன் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1997-ஆம் ஆண்டுப் பதுங்கறைச் சட்டத்துக்குப் பின் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர் என்ற பதுங்கறை இருக்கும். பலர் அதைச் சாமான் அறையாக்கி ரவுட்டரையும் அதற்குள் வைத்திருப்பார்கள். தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவும் அலையை விடாது. ரவுட்டரை வெளியே கொண்டுவந்து கணினிக்கு ஒரு கேட் 6 இணையக் கம்பி இழுத்தோம், தொல்லை தீர்ந்தது.

எங்கே வாங்குவது என்பதைப் பொறுத்தவரை, கடையில் 'லோக்கல் செட்' (இங்குள்ள சந்தைக்கென்றே வந்தது) என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதும் ரசீதில் இருக்கட்டும். 2012 செப்டம்பரிலிருந்து இங்கு, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்று காட்டவேண்டியது விற்றவர் பொறுப்பு. கேரோசல் போன்ற இணையச் சந்தையில் தனியாரிடம் வாங்கினால் இது பொருந்தாது. வெளிநாட்டு இணையக் கடைகளின் விலையைப் பார்த்து மயங்குமுன் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியைக் கூட்டிப் பாருங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்குட்பட்ட இறக்குமதிக்கும் வரி உண்டு. மின்செருகி, அடாப்டர், நீட்டிப்புப் பலகை ஆகியவற்றை மட்டும் விலை பார்த்து வாங்காதீர்கள். சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை அதில் இருக்க வேண்டும்.

பழைய கணினியைக் கழிக்கும் முன் வட்டை முழுவதுமாக அழியுங்கள், அல்லது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். உலாவியிலிருந்து கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்த கோப்பு எங்காவது கிடக்கும், அதையும் தேடி அழியுங்கள். புதியதை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடைகள், பழையது அதே வகையாக இருந்தால் இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும் என்பது 2021 ஜூலையிலிருந்து விதி. ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எங்களைப் போல் கொஞ்ச காலம் வைத்திருந்து கழிப்பவர்கள் மின்கழிவு சேகரிக்கும் பெரிய கடைகளுக்கோ வட்டாரச் சேகரிப்புக்கோ கொண்டுபோகலாம். புளோக்கின் கீழே இருக்கும் மின்கழிவுத் தொட்டியின் வாய்க்குள் மேசைக் கணினி நுழையாமல் போகலாம், தூக்கிக்கொண்டு இறங்குமுன் அளந்து பாருங்கள்.